நிமிர்த்திய கட்டில்

என் வீட்டுக்காரர் சாரம் கட்டுகிறவர். உயரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் நசுங்கியதில் கை கால் போயின. மூச்சும் முக்கால்வாசி போனது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. மிச்சமிருந்தது வாய். யாரையும் கிழிகிழி என்று கிழிக்கிற வாய். ஆனால் மெஷின் ஓடும்போது அதிலும் சத்தம் வராது.

ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் பிசியோதெரபிப் பெண் வந்து மெஷினைக் கழற்றிவிட்டுக் குழாய்க்கு மூடி போடுவாள். அப்போது பேசலாம். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால், "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்பார். எண்ணுவதற்குப் பதில் என்னைத் திட்டுவார். திட்டு எவ்வளவு நீளமோ மூச்சு அவ்வளவு என்று அவளும் கணக்கு வைத்துக்கொண்டாள். வாங்கிக் கட்டிக்கொள்ள நானிருந்தேன். உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான். பகல் முழுக்க மெஷின் இல்லாமல் தாக்குப்பிடித்தால் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"படுத்தபடியே இருக்கணும்க்கா. வயித்துப் பட்டை கட்டாம நிமிர்த்தாதீங்க. உட்கார்ந்தா வயிறு சரிஞ்சு இவருக்கு மூச்சு குறையும்" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உலகத்துக்கே தலைகீழான விஷயம். கேட்டவர்கள் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை.

அன்று காலை அவர் திட்டிய திட்டில் நர்ஸே வாயைப் பொத்திச் சிரித்தாள். பிசியோ பெண் நிம்மதியாகப் பக்கத்து அறைக்குப் போனாள். நான் துணி அலசப் போய்த் திரும்பினால், அவருடைய அண்ணன் வந்து கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"எனக்கு இழுப்பு வந்தா உட்கார்ந்தாத்தான் உசுரே வருது. நீ என்னடான்னா இவனைப் பொணம் மாதிரி போட்டு வெச்சிருக்கே!"

"ஐயோ, இவருக்கு அப்படியில்ல மாமா. இறக்குங்க."

"இருக்கட்டும்டி. ஜன்னல் தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர். இத்தனை நாளும் கூரையை மட்டும் பார்த்துக் கிடந்த மனுஷன். கொஞ்ச நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வீட்டு வாசலை அகலப்படுத்தும் கதையை ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் முதலில் குறுக்கே குறுக்கே பேசினார். பிறகு "சரி" என்றார். பிறகு "ம்." எனக்கு என்னவோபோல் இருந்தது. வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன்.

"என்னங்க, உங்க புதுச் சட்டையெல்லாம் என் தம்பிக்குக் குடுத்துட்டேன்."

மற்ற நாளாக இருந்தால் என் தம்பியின் ஏழு தலைமுறையும் கட்டிலடிக்கு வந்திருக்கும்.

"பரவால்ல... ம்மா."

கட்டிய நாளிலிருந்து அவர் என்னை அம்மா என்றதில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கு விடைத்து, கழுத்துக்குழி உள்ளே போய்ப்போய் வந்தது. உதடு சாம்பல் நிறம். அழைப்பு மணி தலைமாட்டில்தான் தொங்கியது. அதை அழுத்தக் கை வேண்டுமே.

"மாமா, இறக்குங்க!"

பதற்றத்தில் அவர் கைப்பிடியை மாற்றிச் சுற்றினார். கட்டில் இன்னும் நிமிர்ந்தது. நான் போட்ட கூச்சலில் பிசியோ பெண் ஓடி வந்து, கட்டிலைச் சாய்த்து, மூடியைப் பிடுங்கி மெஷினை மாட்டினாள். மார்பு ஏறி இறங்க ஆரம்பித்தது. மெதுவாக உதட்டுக்கு நிறம் வந்தது.

அண்ணன் நடையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார். போய்த் தேற்ற எனக்கு மனசு வரவில்லை.

"பயப்படாதீங்க. இன்னைக்கு ஓய்வு. நாளைக்கு மறுபடி மெஷினைக் கழட்டிப் பார்க்கலாம்" என்றாள் பிசியோ பெண்.

என் வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தமில்லை.

"என்னக்கா சொல்றாரு?"

"வாயை நனைக்கச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியை எடுத்தேன்.

அவர் சொன்னது அதுவல்ல. இனிமே கழட்டவே கழட்டாதே என்றார்.