ரிப்ளேஸ் பக்கத்தில் ஒரு வரி

அந்தக் கணினி மொழியில் ஸ்ட்ரிங் என்கிற எழுத்துத் தொடரைக் கையாளும் ஃபங்ஷன்கள் எண்பத்திரண்டு. எழுத்தை வெட்ட, ஒட்ட, தேட, மாற்ற என்று ஆளுக்கொரு வேலை. ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் ஒரு பக்கம். பத்து வருஷமாக அந்தப் பக்கங்கள் அகரவரிசையில் கிடந்தன. பேர் தெரிந்தவனுக்குத்தான் அகரவரிசை உதவும். தெரியாதவன் எண்பத்திரண்டையும் புரட்டி, கண் பூத்துப்போய், கடைசியில் கம்பெனிக்குக் கடிதம் போடுவான். பதில் எழுத இரண்டாவது மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், கையேட்டுப் பிரிவில் வேலை பார்த்த அவளுக்குச் சொந்த அண்ணன்.

கையேட்டைப் புதிதாக அடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஏனோதானோவென்று செய்கிற ரகம் இல்லை அவள். அண்ணன் எட்டு வருஷமாக எழுதிய பதில்களையெல்லாம் கேட்டு வாங்கிப் படித்தாள். எடுத்துக்கொள், இந்தத் தொல்லை குறைந்தால் சரி என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார் அவர். யார் எங்கே இடறி விழுகிறார்கள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. தேடுகிற ஃபங்ஷன்கள் ஒரு பிரிவு, வெட்டுகிறவை ஒரு பிரிவு என்று வேலையை வைத்துப் பிரித்தாள். ஜனங்கள் விழுகிற இடத்திலெல்லாம் பக்கத்தின் தலையிலேயே ஓர் எச்சரிக்கை வரி வைத்தாள். முடிந்த பக்கங்கள் உடனுக்குடன் இணையத்தில் ஏறின; கம்பெனி ஆட்கள் யாரும் அதில் திருத்தலாம்.

முக்கால்வாசி முடிந்தபோது மேலாளர் கூப்பிட்டார். வாயெல்லாம் பல். வாரத்துக்கு இருநூறு வந்துகொண்டிருந்த கடிதங்கள் எழுபதாகிவிட்டனவாம். ஐம்பதுக்குக் கீழே போகட்டும், இரண்டாவது மாடிப் பிரிவையே எடுத்துவிடலாம், அதுவரை விஷயம் இந்த அறைக்குள் இருக்கட்டும் என்றார். அவளுடைய அண்ணன் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், ஓட்டை நாற்காலியைத் தூக்கிப் போடுகிற மாதிரிச் சொன்னார். எல்லாம் உங்கள் உழைப்புதான் என்று பாராட்டு வேறு.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு மொழியும், அதைச் சலிக்காமல் அடுத்தவருக்குப் புரியவைப்பதும்தான். இந்த வயதில் வெளியே போனால் எவன் கூப்பிட்டு உட்காரவைப்பான்?

மிச்சம் இருந்ததில் பெரியது ரிப்ளேஸ். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அங்கே இன்னொன்றை வைக்கிற ஃபங்ஷன். ஆனால் அது மூல ஸ்ட்ரிங்கைத் தொடாது. மாற்றியதைப் புதிதாகச் செய்து கையில் கொடுக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்ளாதவன் பழையதையே பார்த்துவிட்டு, மாறவே இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வான். வருகிற எழுபது கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான். ஒரே ஒரு வரி எழுதினால் அத்தனையும் நின்றுவிடும். அவள் அந்த வரியை எழுதினாள், படித்துப் பார்த்தாள், அழித்தாள். பக்கத்தில் பொய் எதுவும் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கடிதங்கள் எழுபதிலேயே நின்றன. மேலாளர் முகத்தைச் சுளித்தார். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல அவள் மேஜைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், சாதித்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு புதன்கிழமை ரிப்ளேஸ் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலையில் அந்த வரி இருந்தது. அடியில், திருத்தியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். திருத்தி ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த வாரக் கணக்கைப் பார்த்தாள். கடிதங்கள் முப்பத்தெட்டு. பிரிவை எடுத்துவிடலாம் என்று மேலாளர் அதற்குள் மேலிடத்துக்கு எழுதிவிட்டிருந்தார்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள்.

"அந்த வரியை ஏன் போட்டீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்டா நீ சங்கடப்படுவேன்னுதான். எல்லாப் பக்கத்துலயும் எழுதிட்டு இதை மட்டும் விட்டிருந்தே. மேலாளர் கண்ணுல பட்டு உன்னைக் குத்தம் சொல்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு போட்டேன்."

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. ஐம்பது என்ற கணக்கை, மேலாளர் சொன்னதை, அழித்த வரியை எல்லாம் அங்கேயே நின்றுகொண்டு கொட்டினாள். அண்ணன் பதில் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைச் சேமித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசம். வேற இடம் தேடியிருப்பேன். அந்தப் பக்கத்துல கை வெச்சிருக்க மாட்டேனோ என்னமோ, அதுவும் நான் யோசிச்சு முடிவு பண்ணியிருப்பேன். ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை எழுதினியே. எனக்கு ஒரு வரி சொல்லணும்னு தோணலையா?"

வேலை போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன் என்று ஏதோ உளறினாள். அவர் திரும்பி உட்கார்ந்து பாதியில் விட்ட கடிதத்துக்குப் பதில் எழுத ஆரம்பித்தார். மறுநாள் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை.

மூன்று வாரத்தில் இரண்டாவது மாடி காலியாயிற்று. மிச்சக் கடிதங்களை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதலில் திறந்த கடிதம் கேள்வியே இல்லை. ரிப்ளேஸோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியதாகவும், பக்கத்தின் தலையில் இருந்த வரியால் பிழைத்ததாகவும், அதை எழுதியவருக்குத் தன் நன்றியைச் சொல்லும்படியும் யாரோ எழுதியிருந்தார்கள்.

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணிதான் எடுத்தாள். அவர் இங்கேதான் இருக்கிறார், ஆனால் பேசமாட்டேன் என்கிறார் என்றாள்.

அவள் போனை வைத்துவிட்டு, அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்று அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினாள்.