மஞ்சள் பெட்டி ஜெயித்த வீடியோ

பாலத்துக்கு மேலே போகும் மின்கம்பி நெளிந்தது. அவள் வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். விளையாட்டில் வரும் ஆள் மழையில் பாலத்தின் மேல் ஓடுகிறான். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது: இடப்பக்கம் நீலப் பெட்டியில் விற்கும் கிராபிக்ஸ் கார்டு வரைந்த படம், வலப்பக்கம் மஞ்சள் பெட்டிக் கார்டு வரைந்தது. இடப்பக்கம் கம்பி கம்பியாகவே இருந்தது. வலப்பக்கம் ஆள் ஓட ஓட அதன் ஓரம் மங்கி ஆடியது. மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் பார்க்கிறவள் அவள். மங்கலைக் கண்டால் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். வீடியோ அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள், தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தம்பியின் அறைக்குப் போனாள்.

அது தம்பியின் சேனல் என்றுதான் ஊரே சொல்லும். முகம் அவனுடையது, குரல் அவனுடையது, கடைசியில் விரலை நீட்டி ‘காசுக்கு ஏத்த கார்டு இதுதான்’ என்று சொல்லும் தோரணையும் அவனுடையது. எந்தக் கார்டு எவ்வளவு வேகம் என்று நடுவில் வரும் எண்கள் மட்டும் அவளுடையவை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு கார்டுக்கும் அறை ஒரே சூட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதே பாலத்தில் அதே ஓட்டத்தை மூன்று தடவை ஓடிச் சராசரி எடுப்பாள். கார்டை மாற்றினால் விளையாட்டு பழைய செட்டிங்ஸை மறந்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரி பார்ப்பாள். இந்த வாரம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. நீலத்தை அவள் முடித்துக் கொடுத்தாள். மஞ்சளைத் தானே ஓட்டிக்கொள்வதாகத் தம்பி சொன்னான்.

“மஞ்சளை ஓட்டினப்ப செட்டிங்ஸ் பாத்தியா?”

“பாத்தேன்க்கா.” போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பொய் சொல்லாத. படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசா இழுத்துக் காட்டுற ஆப்ஷன் ஆன்ல இருந்திருக்கு. நீலத்துல நான் அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டினேன். ஒருத்தன் முழு மூட்டையைத் தூக்கிட்டு ஓடுறான், இன்னொருத்தன் பாதி மூட்டை. பாதி மூட்டைக்காரன் ஜெயிச்சான்னு தீர்ப்பு சொல்லியிருக்க.”

இப்போது தலை நிமிர்ந்தது. ஒரு கணம் அவன் முகம் செத்துப்போனது. புரிந்துவிட்டது அவனுக்கு. புரிந்த பிறகும் அவன் சொன்னதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விடுக்கா. யாரு கண்டுபிடிக்கப் போறாங்க? கீழ கமெண்ட்டைப் பாரு, நீலக் கட்சியும் மஞ்சள் கட்சியும் அடிச்சுக்குது. நம்ம வீடியோ இந்த அளவுக்கு ஓடினதே இல்ல.”

“எடுத்துடு. இல்லன்னா தப்பா சொல்லிட்டேன்னு போடு.”

“போட்டுட்டு? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுபடி கேமரா முன்னாடி உக்காருறது?”

அவள் தன் போனை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள். பஸ் டிரைவர் ஒருவர், எல்லா வீடியோவுக்கும் கீழே தவறாமல் எழுதுகிறவர், எழுதியிருந்தார்: ‘தம்பி சொன்னா சரிதான். எம் பொண்ணுக்கு மஞ்சளே வாங்கிடுறேன். டூட்டி முடிஞ்சு சாயங்காலம் கடைக்குப் போறேன்.’ விலை கூடுதலான மஞ்சளை வாங்கிப் பெட்டியைப் பிரித்துவிட்டால் எந்தக் கடைக்காரனும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டான்.

“இவருக்கு என்ன பதில் வெச்சிருக்க?”

“மஞ்சளும் நல்ல கார்டுதானே? வாங்கினா செத்தா போயிடுவாரு?”

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “சோத்தைப் போட்டு வெச்சிட்டு அங்க என்னடி சண்டை? புள்ள ரெண்டு நாளா தூங்கவே இல்ல, அவனை விடு.” அவன் தூங்காதது மட்டும் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

தன் சொந்தக் கணக்கிலிருந்தே வீடியோவுக்குக் கீழே எழுதினாள். எந்த ஆப்ஷன், எந்த இடத்தில் கம்பி நெளிகிறது, ஏன் இந்த எண்கள் செல்லாது, எல்லாம் எழுதினாள். எழுதி முடித்த கையோடு பதில்கள் வந்து விழுந்தன. ‘நீலக் கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?’ ‘வயித்தெரிச்சல் கேஸ்.’ ‘பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?’ தம்பி தன் போனில் அதையெல்லாம் படித்துச் சிரித்தே விட்டான்.

“இன்னும் நாலு கமெண்ட் போடுக்கா. சண்டை வந்தாத்தான் வீடியோ மேல ஏறும்” என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவன் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியபோது டிரைவரின் பதில் வந்தது. ‘அந்தத் தம்பி ராப்பகலா உழைச்சு டெஸ்ட் பண்ணிச் சொல்றாரு. என் கம்ப்யூட்டர் கேபினட் சின்னது, கார்டு உள்ள போகுமான்னு கேட்டதுக்கு, அளவெல்லாம் கேட்டு வாங்கி, போகும்னு பொறுமையா சொன்ன புள்ள. நீங்க யாரும்மா?’

அவள் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அளவு கேட்டது அவள். ஸ்கேலை வைத்துக் கார்டை அளந்து பார்த்தது அவள். தம்பி பேரில் பதில் தட்டியதும் அவள். அந்த மனுஷர் மேல் கோபப்பட வழியில்லை. அவர் அவளிடம்தான் நன்றியோடு இருந்தார், ஆனால் அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டு எண்களை மட்டும் எடுத்துக் கொடுத்த தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. தாண்டட்டும். கம்ப்யூட்டருக்குள் மஞ்சள்தான் இருந்தது. செட்டிங்ஸை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள். மஞ்சளை ஓட்டி முடித்ததும் மாற்றிப் போட, நீலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசை மேல், கை எட்டும் தூரத்தில் வைத்தாள். தம்பியின் சேனல் கணக்கு கம்ப்யூட்டரில் திறந்தேதான் கிடந்தது. தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து நேரலையை அழுத்தினாள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ‘தம்பி எங்க?’ என்று ஒருவர் கேட்டார். ‘கேமரா முன்னாடி யாரும் இல்லையே’ என்றார் இன்னொருவர்.

திரையின் மூலையில் பார்த்தாள். தம்பியின் உயரத்துக்கு வைத்த கேமராவில் அவளுடைய நெற்றியும் வகிடும் மட்டும்தான் தெரிந்தன. மற்றபடி சுவர். நாற்காலியை உயர்த்தக் கை ஒரு முறை கீழே போய்த் திரும்பி வந்தது. எழுந்து கேமராவின் கழுத்தைப் பிடித்தாள். திருகாணி இறுகியிருந்தது, அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். படம் குலுங்கியது. கூரை, சுவர், மேசை என்று தாறுமாறாகச் சரிந்து, கடைசியில் நேராக அவள் கண்களில் வந்து நின்றது.