பூட்டு அவள் பெயரில்

ஊர் முழுக்கக் கரண்ட் போய் வந்த காலையில், லிஃப்டு பழுது பார்க்கும் கம்பெனியின் திரையில் அறுபத்து மூன்று செய்திகள் வரிசைகட்டி நின்றன. எல்லாமே 'உள்ளே மாட்டிக்கிட்டோம்' ரகம். மெக்கானிக்குகளை அனுப்பிவைக்கும் ஐந்து பேர் ஒரே வரிசையிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்ததில், ஒரே கட்டிடத்துக்கு இரண்டு மெக்கானிக் போய் வாசலில் சண்டை போட்டார்கள்.

தலையில் கைவைத்தபடி சூப்பர்வைசர், ஐவரில் மூத்தவளிடம் வந்தார். பதினோரு வருஷத்தில் அவளைத் தேடி அவர் வந்ததே இல்லை.

"வரிசையை உங்க பேர்ல பூட்டிட்டேம்மா. இருபது நிமிஷம். ரெட்டையா வந்ததையெல்லாம் தூக்கிடுங்க. மத்தவங்க யாரும் தொட முடியாது."

பொய் சொல்வானேன், அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, ஒரே விலாசத்தில் இரண்டு செய்தி கண்ட இடமெல்லாம் இரண்டாவதைத் தட்டித் தள்ளினாள். பன்னிரண்டு நிமிடத்தில் பதினான்கு!

"அக்கா பின்னுறாங்க" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அப்போதுதான் வெளியே போயிருந்த ஒரு மெக்கானிக் ஃபோன் செய்தான். "உள்ளே மாட்டியிருந்த பெரியவரை வெளியே எடுத்தாச்சுக்கா. இடது பக்க லிஃப்டு ஜம்முனு ஓடுது. தெருவுக்கு வந்துட்டேன், அடுத்து எங்க?"

"இடது பக்கமா?"

அந்த விலாசத்தில் வந்த இரண்டாவது செய்தியைத்தான் அவள் முதலாவதாகத் தள்ளியிருந்தாள். இடது என்றால் வலது ஒன்று இருக்குமே. அடிப்பாவி, ஒரு கட்டிடத்தில் இரண்டு லிஃப்டு இருக்கும் என்று ஏன் தோன்றாமல் போயிற்று?

"திரும்பிப் போப்பா. வலது பக்கத்தைப் பாரு. ஓடு!"

சூப்பர்வைசரிடம் பாய்ந்தாள். "சார், தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு லிஃப்டு இருக்கிற கட்டிடத்தையும் சேர்த்துத் தூக்கிட்டேன். பூட்டைத் திறங்க."

அவர் முகம் வெளுத்தது. "நடுவுல திறக்காதும்மா. நேரம் முடியணும். நீங்க தூக்கினதெல்லாம் அப்பதான் கண்ணுக்குத் தெரியும். விலாசம் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

முதலில் தள்ளியதைத் தவிர ஒன்றுகூட இல்லை. பார்த்துத் தள்ளியிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்! இன்னும் பதின்மூன்று கட்டிடங்கள். எதில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை, யாருக்குத் தெரியும்? நாற்காலிக்குத் திரும்பி, எழவும் முடியாமல், உட்கார்ந்து செய்ய ஒன்றும் இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் மெக்கானிக் மூச்சிரைக்க ஃபோனை வலது பக்க லிஃப்டின் கதவோரம் வைத்தான். "கேளுங்கக்கா."

டொக், டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக், டொக், டொக்.

"ஆளு இருக்குக்கா. திறக்கிறேன்."

ஃபோனை வைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. நால்வரும் அவள் பக்கம் திரும்பினார்கள். குனிந்து பார்த்தாள். அவளுடைய விரல்தான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. பூட்டு திறக்க இன்னும் ஐந்து நிமிடம் நாற்பது நொடி என்றது திரையின் மூலை.