வஃபிய்யாவின் இடது கண்

டாக்டர் அதை நல்ல கட்டி என்றுதான் சொன்னார். புற்று இல்லை, பரவாது, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார். பாக்தாதில் பதினோரு மணி நேரம் அறுவை செய்து, இடது காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பேரீச்சம்பழம் அளவு சதையை எடுத்தார்கள். பஸ்ராவுக்குத் திரும்பியபோது தெருவே திரண்டு வந்து இறைவனுக்கு நன்றி சொன்னது. நானும் சொன்னேன். ஆனாலும் கேட்கிறேன், நல்ல கட்டிக்கு இதுவா லட்சணம்? போகிற போக்கில் என் அண்ணியின் இடது காதையும் இடது பக்க முகத்தையும் சேர்த்தல்லவா கொண்டுபோனது.

அண்ணியின் பெயர் வஃபிய்யா. எங்கள் பேட்டையில் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, முல்லாயா என்பார்கள். இழவு வீடுகளிலும் முஹர்ரம் மாதத்திலும் பெண்கள் கூடி அழுகிற மஜ்லிஸில் நடுவே உட்கார்ந்து ஓதுகிறவள். அவள் ஓத, பக்கத்தில் இருந்து நான் பின்பாட்டுப் பாடுவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் எங்கள் வேலை. கர்பலா போர்க்களத்தில் உயிர்விட்ட இமாமையும், அங்கே தண்ணீருக்குத் தவித்த அவர் வீட்டுக் குழந்தைகளையும் பற்றி அவள் எடுத்ததுமே முதலில் அவள் கண்தான் நிறையும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு நெஞ்சு உடையும். வெங்காயம் தேய்த்த கைக்குட்டையோடு வருகிற முல்லாயாக்களும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். இவளுக்குப் பொய்யாக அழத் தெரியாது.

அறுவைக்குப் பிறகு இடது உதடு தொங்கிப்போனது. தேநீர் குடித்தால் ஓரமாக ஒழுகும். இடது கண் மூடாது. பகலில் சொட்டு மருந்து, படுக்கும்போது இமைமேல் பிளாஸ்திரி. தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பா, மா என்று சொல்லிப் பழகினாள். ஆறு மாதத்தில் குரல் திரும்பி வந்தது, உதடும் ஓரளவு ஏறிவிட்டது. அந்தக் கண் மட்டும் வறண்டே கிடந்தது. ஒரு இழவு வீட்டில் ஓதப் போனோம். வலது கண் அழுதது, இடது கண் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கத்துலேருந்து பாத்தா வேடிக்கை பாக்க வந்தவ மாதிரி இருக்கா" என்று இடப்புறமிருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். அண்ணிக்கு அந்தக் காது கேட்காது. எனக்குக் கேட்டது. நான் அவளிடம் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அறுவை முடிந்த எட்டாம் மாதம் ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் இடது கண்ணிலிருந்து நீர் கொட்டியது. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள், கண்ணீரும் நின்றது. மறுபடி மென்றாள், மறுபடி வந்தது. டாக்டருக்குப் போன் செய்தோம். அறுந்த நரம்பு வளரும்போது சிலருக்கு வழி தவறிவிடுமாம். வாயில் எச்சில் ஊறச் செய்ய வேண்டியது கண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் கம்பியை மாற்றி மாட்டினால் விசிறி சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரியுமே, அந்தக் கதைதான்.

"என்ன அண்ணி, கத்தரிக்காய்க்கு இந்த அழுகை அழறீங்க?"

"சின்ன வயசுடி அதுக்கு. இன்னும் முத்தக்கூட இல்ல."

இப்படிச் சிரித்துக்கொள்வோம். ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "ராஜிஹா, இது சோத்துக்கு அழுவுது. இமாமுக்கு அழ மாட்டேங்குது. இதை வச்சுக்கிட்டு நான் எப்படி நடுவுல போய் உக்காருவேன்?"

முஹர்ரம் வந்தது. பத்து நாளும் ஹாஜியா ஸக்கிய்யா வீட்டில் ஓதுவது இருபத்திரண்டு வருஷமாக அண்ணிதான். ஹாஜியா நேரிலேயே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு இனிக்க இனிக்கப் பேசினாள். "இந்த வருஷம் உடம்பைப் பாத்துக்கம்மா. கவ்தர்னு ஒரு பொண்ணு, நல்ல குரல், அவகிட்ட சொல்லிட்டேன். நீ ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு அவசியம் வரணும்."

அந்த இடம் போனால் அண்ணிக்குத் தான் யாரென்றே தெரியாது. எனக்கும்தான். அந்தச் சாப்பாட்டுக்குப் போக வேண்டாம் என்றேன். "சாப்பாடு இமாம் பேருல போடறது. மாட்டேன்னு சொல்லக்கூடாது" என்று அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஏழாம் நாள் கூடம் நிறைந்திருந்தது. நாங்கள் சுவரோரம் உட்கார்ந்தோம். கவ்தரின் குரல் நன்றாகவே இருந்தது, அதை இல்லை என்றால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் கூட்டம் உடையவில்லை. பெண்கள் மார்பில் தட்டினார்கள், பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். பிறகு விரிப்பு போட்டுத் தட்டுகள் வந்தன. சோற்றின்மேல் இறைச்சியும் கொண்டைக்கடலையும் மசித்த குழம்பு, காய்ந்த எலுமிச்சை தூக்கலாகப் போட்டது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அண்ணி ஒரு வாய் போட்டாள். அந்தப் புளிப்புக்கு இடது கண் குபுகுபுவென்று பொங்கிவிட்டது.

"ஐயோ, பாருங்கடி! முல்லாயாவோட செத்த கண்ணு அழுவுது!" எதிரில் இருந்தவள் அலறினாள். "இமாம் சோறு வாயில பட்டதும் அழுவுது!"

கராமத்து, இறைவன் காட்டிய அற்புதம் என்று கூடமே எழுந்தது. ஒருத்தி அண்ணியின் காலைத் தொட்டாள். நான்கைந்து பேர் கைக்குட்டையால் அவள் கன்னத்தை ஒற்றி எடுத்துத் தங்கள் முகத்தில் தடவிக்கொண்டார்கள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. ஹாஜியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அண்ணியின் தலையில் முத்தமிட்டாள்.

"என்னை மன்னிச்சிடு முல்லாயா. நாளையிலேருந்து நீதான் ஓதற. எல்லா வருஷமும் நீதான்."

நான் அண்ணியின் தொடையை அழுத்தினேன். பேசாதே என்று அர்த்தம். நாமா பொய் சொன்னோம்? அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். போன இடம் தானாகத் திரும்பி வருகிறது, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் என்ன? இப்படித்தான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன்.

அப்போது நஜிய்யா என்கிற தையல்காரி முட்டி போட்டு நகர்ந்து வந்தாள். அவளுடைய மகள் ஷஹ்லாவுக்கு அண்ணிக்கு வந்த அதே கட்டி, அதே பக்கம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நஜிய்யா தன் கைக்குட்டையை நன்றாக நனைத்து மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். "எனக்கு இது போதும். வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. இனிமே எதுக்கு? அவளை அனுப்ப மாட்டேன்."

அண்ணி என் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள். ஓதும்போது வருகிற அதே குரல். "இது கராமத்து இல்ல. நரம்பு கோளாறு. எதைத் தின்னாலும் இந்தக் கண்ணு ஒழுகும். வீட்டுல கத்தரிக்காய்க்கும் ஒழுகுது. பாருங்க." ஒரு வாய் மென்றாள், கண்ணீர் வந்தது. விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள், நின்றது. ஊறுகாயை நாக்கில் வைத்தாள், கொட்டியது.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முகத்தில் கண்ணீரைத் தடவியவர்கள் அபாயா நுனியால் துடைத்தார்கள்.

"என் வீட்டுக்கு வந்த பரக்கத்தை இப்படிக் கெடுத்துட்டியே! கொஞ்சம் பேசாம இருந்திருக்கக்கூடாதா?" என்றாள் ஹாஜியா. நாளைக்கு ஓதுவதைப் பற்றி அதன்பிறகு அவள் பேச்செடுக்கவில்லை. கவ்தர் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அண்ணியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

நஜிய்யா மட்டும் நகரவில்லை. நெஞ்சிலிருந்து கையையும் எடுக்கவில்லை. "நீங்க என்ன வேணா சொல்லுங்க. இதை நான் தர மாட்டேன்."

"நீயே வச்சுக்க" என்றாள் அண்ணி. நஜிய்யாவின் இன்னொரு கையை இழுத்துத் தன் தலைத்துணிக்குள் விட்டு, காதுக்குப் பின்னாலுள்ள தழும்பில் வைத்தாள். "இங்கதான் திறந்தாங்க."

நஜிய்யாவின் விரல்கள் அந்தத் தழும்பில் மெல்ல ஊர்ந்தன. "வலிக்குதா?"

"இப்ப இல்ல. குளிர்காலத்துல இழுக்கும்."

"அவளுக்கு இன்னும் நிச்சயம்கூட ஆகல முல்லாயா. முகம் இப்படி ஆயிடுமா?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"கண்ணு?"

"அதுவும்தான்."

"உசுரோட இருப்பாளா?"

அண்ணி தட்டை இழுத்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். இடது கண் வழியத் தொடங்கியது. அதைத் துடைக்காமல், வாயில் சோற்றோடேயே சொன்னாள்: "பாரு. உக்காந்து சாப்பிடறேன்."

நஜிய்யா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். அண்ணி ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுடைய வலது கண்ணும் நிறைந்து வழிந்தது. அது சோற்றுக்கு அழுகிற கண் இல்லை.