மெர்சி பார்த்த இரும்பு

"அம்மா, நீ பாத்தா மட்டும் ஏன் துரு புடிக்குது?" என்று பெனிட்டா கேட்டபோது அவள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான், மெர்சி பார்த்துக்கொண்டே பால் வாங்கப் போய்த் திரும்புவதற்குள், பக்கத்து வீட்டு ஜாஸ்மினின் புது கேட் மேலிருந்து கீழ்வரை துருப்பிடித்துப் பொலபொலவென்று உதிர்ந்திருந்தது. சேரப்பணஞ்சேரியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனிப் புகை என்றார்கள் சிலர், போர்வெல் தண்ணீர் என்றார்கள் சிலர். படப்பை ஹார்டுவேர் கடையில் துருவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு விலை கொஞ்சம் ஏறியது. மெர்சி பிள்ளையின் வாயில் அடுத்த கவளத்தைத் திணித்தாள்.

மெர்சிக்கு ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. லைன் முடிகிற இடத்தில் நின்று, வந்து விழும் ஒவ்வொரு துண்டையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டுத் தனியே வைக்க வேண்டும். நன்றாக இருக்கும் துண்டுக்கு எந்த அடையாளமும் கிடையாது. அது தன்பாட்டில் போய்விடும். பல வருடம் அப்படிப் பார்த்துப் பழகிய கண் அது. ஜாஸ்மினை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். மெர்சிக்கு டைபாய்டு வந்து, லாரி ஓட்டுகிற அவள் புருஷன் வசந்தகுமார் வடக்கே எங்கோ இருந்த நாட்களில், ஜாஸ்மின் ஷிப்ட் முடிந்து வந்து கஞ்சி வைத்தாள், பெனிட்டாவைக் குளிப்பாட்டினாள், மெர்சியின் வாந்தியைக் கழுவினாள். அதற்கு ஈடாக ஏதும் செய்ய மெர்சிக்கு வாய்க்கவில்லை. பிறகு கம்பெனி ஒரே ஒருத்தியைப் பர்மனென்ட் ஆக்கியது, அது ஜாஸ்மின். ஆண்டவர் தந்த வேலை என்று சர்ச்சில் அவள் அழுதுகொண்டே சாட்சி சொன்னபோது, எல்லாரோடும் சேர்ந்து மெர்சியும் ஸ்தோத்திரம் சொன்னாள். அந்த வார்த்தை ஆணியைச் சப்பினதுபோல் நாக்கில் கரித்தது.

கேட்டுக்குப் பிறகு ஜாஸ்மினின் ஸ்கூட்டி, அதற்குப் பிறகு பீரோ, கிறிஸ்துமஸுக்குள் ஜன்னல் கம்பிகள். மெர்சி தலைகுனிந்து நடந்தாள். தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். பார்க்காதபோது இன்னும் வேகமாக அரித்தது, மனசுக்குள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். உபவாசம் இருந்தாள். முழங்காலிட்டால் ஜெபம் வரவில்லை, ஜாஸ்மின் வீட்டு டைல்ஸ்தான் கண்ணுக்குள் வந்தது. மறு வருடம் ஒரு காலையில், ஜாஸ்மினின் புருஷன் பிரசன்னா அவளுடைய டிபன் பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் நிற்குமிடம்வரை நொண்டி நொண்டி நடப்பதைக் கண்டாள். இருங்காட்டுக்கோட்டை பக்கம் பைக்கில் விழுந்து, தொடை எலும்பில் ஸ்டீல் பிளேட் வைத்திருந்தவன் அவன். என் பையை இதுவரை யார் தூக்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கணமே பிரசன்னா தொடையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

எக்ஸ்ரேயில் அந்த பிளேட் கரையான் தின்ற பலகைபோல் இருந்தது. இது துருப்பிடிக்கிற ஸ்டீல் இல்லை என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அரிப்பு நிற்காவிட்டால் திங்கட்கிழமை தொடையோடு காலை வெட்டியெடுக்க வேண்டும் என்பதையும் அதே குரலில் சொன்னார். ஜாஸ்மின் படத்தை எடுத்துக்கொண்டு நேராக மெர்சியிடம் வந்தாள்.

"நீ பாருக்கா. அந்த டாக்டரு இன்னாத்த பாத்தாரோ. லைன்ல உன் கண்ணுக்குத் தப்பினது எதுனா கீதா?"

மெர்சி கை நீட்டவில்லை. "என் கண்ணாலதான்டி எல்லாம். உன் கேட்டு, வண்டி, இப்ப இதுவும். நீ பர்மனென்ட் ஆன நாள்லேர்ந்து எனக்கு வயிறு எரிஞ்சிகினே இருந்துது."

ஜாஸ்மினுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "கேட்டுக்கு அந்த வெல்டிங்காரன் போட்டது மட்ட இரும்புக்கா. அதுக்கும் நீதானா? அப்ப கரன்ட் போறதுக்கும் நீயேதான். சும்மா இருக்கா. ஞாயித்துக்கெழமை அவரு காலுக்காக வேண்டிக்கினு பொருத்தனை கீது, சர்ச்சுக்குப் போயே ஆவணும். அவரு பக்கத்துல கொஞ்ச நேரம் குந்தினு இருப்பியா?"

ஞாயிற்றுக்கிழமை மணியடித்ததும் தெரு காலியானது. பெனிட்டாவும் ஜாஸ்மினோடு போனாள். பிரசன்னா வீட்டுக் கட்டிலில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மெர்சி எக்ஸ்ரேயை ஜன்னலில் செருகிவைத்துப் பார்த்தாள். கண் பழக்கப்படி ஓட்டைகளுக்கே போனது. கண்ணைப் பிடித்திழுத்து, குறையில்லாத இடத்தைத் தேடினாள். ஓரத்தில் நகக்கண் அளவு மிச்சமிருந்தது. "இதுக்கு ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்றாள். பிறகு ஜாஸ்மின் வைத்த கஞ்சிக்கு. பெனிட்டாவின் தலைக்கு ஊற்றிய வெந்நீருக்கு. முகம் சுளிக்காமல் வாந்தி கழுவிய கைகளுக்கு. கடைசியாக ஒன்று பாக்கியிருந்தது. பிரசன்னாவின் கட்டுப்போட்ட தொடைமேல் வலது கையை வைத்துக்கொண்டு, "ஜாஸ்மினுக்கு அந்த வேல கெடச்சதுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி முடித்தாள்.

கட்டுத்துணிக்குள்ளிருந்து செம்பொடி சூடாக மேலே வந்தது. அவள் உள்ளங்கைக்குள் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைவரை ஏறியது. வலித்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஜன்னலில் இருந்த படத்தில் ஓட்டைகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அடைபட்டன. தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளி, கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தொந்தரவு குடுத்தாராக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஜாஸ்மின் உள்ளே வந்தாள்.

"இல்ல. தூங்கிகினேதான் இருந்தாரு."

திங்கட்கிழமை டாக்டர் புதுப் படத்தையும் பழைய படத்தையும் பார்த்துவிட்டு, நடக்கச் சொல்லி அனுப்பினார். ஜாஸ்மின் தன் பொருத்தனையைக் கேட்டருளிய ஆண்டவருக்குச் சாட்சி சொன்னாள். மெர்சியும் ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் கையில் முழங்கைவரை ஏறிய துரு போகவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, பார்ட்ஸில் ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று அவளுக்கு மட்டும் நீளமான கிளவுஸ் வாங்கிக்கொடுத்தார்.