மூன்றாவது சாக்கு

மூன்றாவது சாக்கைப் பிரித்தபோது கிளம்பிய வாடை குந்தவைக்குப் பழக்கமானதுதான். மக்கிய தாளும் எலிப்புழுக்கையும் கலந்த அந்த வாடைக்காகவே பின்கட்டு அறைக்குள் போகும்போதெல்லாம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு போய்விட்டு வருவாள். தஹ்மீனா முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டுக் கட்டாக எடுத்து மேசையில் அடுக்கினாள். பல்கலைக்கழக நூலகத்தின் சுவடிப் பிரிவில் உள்ள எல்லாவற்றையும் படம்பிடித்துக் கணினியில் ஏற்றும் திட்டத்துக்காக வந்தவள். வந்த இரண்டாம் மாதமே அலமாரிக்குப் பின்னால் கிடந்த மூன்று சாக்குகளையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதெல்லாம் பதிவேட்டுல ஏறிட்டதாத்தானேக்கா இருக்கு?"

"பாப்போம்," என்றாள் குந்தவை.

ஏற்றியதாக எழுதியது அவள்தான். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில் பெரியவீடு என்று ஊரார் சொல்லும் ஒரு மிராசு வீட்டை வாரிசுகள் விற்றபோது, அங்கிருந்த ஏடுகளும் புத்தகங்களும் பத்திரங்களுமாகப் பதினொரு சாக்குகள் நூலகத்துக்கு வந்தன. எட்டுச் சாக்குகளை ஒவ்வொரு தாளாகத் துடைத்து, படித்து, பட்டியல் போட்டாள். அதற்குள் ஆய்வுக்குழு வருகிறது என்றார்கள். அப்போதிருந்த அதிகாரி மேசைக்கு எதிரில் நின்று அவசரப்படுத்த, 'முழுவதும் பட்டியலிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழு போனதும் மீதியைப் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அந்த வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அடுத்த வருஷம் வேறு வேலை. அப்புறம் அந்தச் சாக்குகளைப் பிரித்தாலே பொய் வெளியே வந்துவிடும் என்கிற நிலைமை ஆகிவிட்டது. அவளே பழைய அலமாரி ஒன்றை நகர்த்தி அவற்றை மறைத்தாள்.

நான்காவது கட்டுக்குள் அந்தப் பத்திரம் இருந்தது. 1923ஆம் வருஷத்தது. மடிப்பில் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. வாய்க்கால் கரையோரம் ஆறடி அகலத்துக்குச் சுடுகாடு வரை போகும் நிலத்தைக் கீழத்தெரு ஜனங்கள் சந்ததி பரம்பரையாகப் பாதையாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது, தன் வாரிசுகள் யாதொரு தடையும் செய்யக்கூடாது என்று பெரியவீட்டுக்காரர் எழுதிக்கொடுத்திருந்தார். குந்தவை முழுதாகப் படிக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே ரெத்தினத்தின் முகம் வந்துவிட்டது.

கீழத்தெருவிலிருந்து அவர் மூன்று முறை நூலகத்துக்கு வந்திருந்தார். வேண்டாமென்று சொன்னாலும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார். பெரியவீட்டு நிலத்தை வாங்கியவர் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார், கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, அந்தக் காலத்தில் பத்திரம் எழுதிக்கொடுத்ததாகப் பழைய கணக்குப்பிள்ளை சொன்னார், வீட்டுக் காகிதம் பூராவும் இங்கே வந்துவிட்டதாமே என்று முதல் தடவை பொறுமையாகச் சொன்னார். எட்டுச் சாக்குகளின் பட்டியலைப் புரட்டிவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றாள். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். பட்டியலில் விட்டுப்போனது ஏதாவது இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அலமாரிக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

"எல்லாம் பாத்தாச்சுங்க. இல்ல," என்றாள், தலையைத் தூக்காமலே.

மூன்றாவது தடவை அவர் எதுவும் கேட்க வரவில்லை. ஆதாரம் இல்லையென்று கேஸ் தள்ளுபடியாகிவிட்டது என்று சொல்லி, ஒரு பை நிறையப் பச்சை மொச்சையை மேசையில் வைத்தார். எங்களுக்காக நீங்கள் சிரமப்பட்டுத் தேடினீர்களே என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"இப்பத்தான் கெடச்சுதுன்னு ஒரு லெட்டர் போட்டு அனுப்பிடுங்கக்கா," என்றாள் தஹ்மீனா. அந்தப் பத்திரத்தைக் கேட்டு ஒருவர் வந்தார் என்ற பாதி விஷயம்தான் அவளுக்குத் தெரியும். மீதியை அவள் கேட்கவில்லை. குந்தவையும் அப்படியே செய்தாள். 'அண்மையில் கண்டெடுக்கப்பட்டது' என்று கடிதம் தட்டி, பிரிவுத் தலைவரிடம் சான்றிட்ட நகலுக்குக் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டினாள். தபாலில் சேர்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். உறை இரண்டு நாள் கைப்பையிலேயே இருந்தது. சனிக்கிழமை காலை திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறினாள்.

கீழத்தெருவில் ரெத்தினத்தின் வீட்டைச் சுலபமாகக் காட்டினார்கள். அவர் இளைத்திருந்தார். ஆனால் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டு, "வாங்கம்மா, வாங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் எழில்மொழி தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள் என்று அறிமுகப்படுத்தினார். சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். அம்சம், என் சம்சாரம், ஐப்பசியில் போய்விட்டாள் என்றார்.

உறையைக் கொடுத்தாள். அவர் நகலை இரண்டு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாட்டனார் பேர் சாட்சியாக இருக்கிறது என்று மகளிடம் காட்டினார். பிறகு குந்தவையைப் பார்த்துக் கும்பிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்களே, மறக்காமல் தேடிக்கொண்டே இருந்திருக்கிறீர்களே என்றார்.

இன்னும் ஒரு வார்த்தை அவர் நல்லதாகச் சொன்னால் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் தேடலங்க. நீங்க வந்தப்பவே இது அங்கதான் இருந்துச்சு. பிரிக்காத சாக்கு மூணு கெடந்துச்சு. எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னது பொய்."

ரெத்தினம் கும்பிட்ட கையை இறக்கவில்லை. இறக்க வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோனது போலிருந்தது. எழில்மொழிதான் எழுந்து உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து செம்பை அப்பாவிடம் கொடுத்தாள். குந்தவைக்குக் கொடுக்கவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கையெழுத்தைப் பற்றியும் ஆய்வுக்குழுவைப் பற்றியும் அவள் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

எழில்மொழி உறையிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். அப்பீல் போட்டிருக்கிறோம், தை மாதம் விசாரணைக்கு வருகிறது என்றாள். வக்கீலுக்குரிய நிதானம் அவள் குரலில் வந்திருந்தது.

"அண்மையில கெடச்சுதுன்னு மட்டும் இருந்தா, மொதல்லயே ஏன் சரியாத் தேடலன்னு எங்களத்தான் கேப்பாங்க. நாங்க வந்து கேட்டோம், இருந்தும் இல்லன்னு சொல்லிட்டீங்க. அத உங்க கையால எழுதித் தருவீங்களா?"

குந்தவைக்கு ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம்.

"உங்க வேலைக்கே வரும். அதையும் சொல்லிடறேன். யோசிச்சுக்கங்க," என்றாள் எழில்மொழி.

அவளாவது கத்தியிருக்கலாம். இப்படி எச்சரித்தது குந்தவைக்கு இன்னும் கூசியது. தாள் கேட்டாள். நீளத் தாளும் பேனாவும் வந்தன. பெயர், பதவி, அவர் வந்த மாதங்கள். சாக்குகளின் எண்ணிக்கை. அலமாரியை நகர்த்தியதையும் எழுதினாள். அதை யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். மனசு லேசாகும் என்று எங்கோ எதிர்பார்த்திருந்தாள் போல. ஆகவில்லை.

எழில்மொழி தாளை வாங்கிப் படித்துவிட்டு, கீழே தேதி போடச் சொன்னாள். போட்டாள்.

ரெத்தினம் பஸ் நிறுத்தம் வரை வருவதாகச் சொன்னார். தெருமுனை தாண்டியதும் ரோட்டுக்குத் திரும்பாமல் வாய்க்கால் பக்கம் நடந்தார். அவளும் பின்னால் போனாள். கல்தூண்களும் முள்கம்பியுமாக வேலி கரையை அடைத்துக்கொண்டு போயிற்று. அதை ஒட்டி அவர் குத்தகைக்குச் செய்யும் வயல். சம்பா கதிர் பிடித்துப் பால் கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சுடுகாட்டுக் கொட்டகையின் தகரம் தெரிந்தது.

"அம்சம் போன அன்னைக்கு நல்ல மழை. நடவு முடிஞ்சு எட்டு நாள் இருக்கும்," என்றார். "முழங்காலுக்கு மேல சேறு. நாலு பேரால முடியல, ஆறு பேரு தூக்குனாங்க. நட்டதெல்லாம் மிதிபட்டுப் போச்சு. திரும்ப நடுங்கன்னாங்க. எனக்கு மனசு வரல."

அவர் கைகாட்டத் தேவையிருக்கவில்லை. பசுமைக்கு நடுவே, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை, ஆறு பேர் நடந்த அகலத்துக்குப் பயிரே இல்லை. அதில் தண்ணீர் மட்டும் நின்றது. இரண்டு பக்கக் கதிர்களும் அதன்மேல் சாயத் தொடங்கியிருந்தன. ஒரு கொக்கு அந்தத் தண்ணீருக்குள் காலை எடுத்து எடுத்து வைத்து, அவசரமில்லாமல், அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.