எடை மேடை

அவன் வீசிய தட்டு சமையலறைச் சுவரில் மோதிக் கீழே விழுந்து சுழன்று அடங்கிற்று.

"தொண்ணூத்திரண்டு," என்றான் கணவன். "ரெண்டாவது வாரமும் அதே தொண்ணூத்திரண்டு. என் பொண்டாட்டி எடையை நானே மைக்குல படிக்கிறேன். லாரிக்காரன் முதக்கொண்டு சிரிக்கிறான்."

"நானா உங்களைப் படிக்கச் சொன்னேன்?"

அவன் கைக்கு இரும்புக் கரண்டி அகப்பட்டது. முதல் அடி தோளில், அடுத்தது காதோரம்.

"முகத்துல அடிக்காதடா, வேலைக்குப் போகணும்ல," என்றாள் மாமியார். அவளுக்குத் தெரிந்த இரக்கம் அவ்வளவுதான். மூன்றாவது அடி வாயில் விழுந்தது.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே செருப்புத் தொழிற்சாலை. பதினோரு வருடமாக அவள் தையல் மெஷினில். அவன் சரக்கு வாசலில் எடை போடுபவன். போன மாதம் நிர்வாகத்துக்குத் தொழிலாளர்களின் ஆரோக்கியத்தின் மேல் திடீர்ப் பாசம் பொங்கிற்று. பருமனானவர்கள் சனிக்கிழமைதோறும் தோல் கட்டுகளை நிறுக்கும் மேடையில் ஏற வேண்டும். எடையை மைக்கில் சொல்வார்கள். மூன்றாம் வாரத்துக்குள் நாலு கிலோ குறையாதவர்கள் மெஷினை விட்டுவிட வேண்டும். பத்து மணி நேரம் எழவிடாமல், மூத்திரம் போவதற்கும் அனுமதி கேட்க வைத்து, அந்த உடம்பை வளர்த்ததும் இதே நிர்வாகம்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதென்றால் இதுதான்.

வாய் கொப்பளித்தபோது இரண்டு பற்கள் கையோடு வந்தன. அவள் அவற்றைக் கழுவிக் கைக்குட்டை முனையில் முடிந்து வைத்தாள். அந்த வாரம் முழுவதும் தாடை வீங்கி, தண்ணீரும் கொஞ்சம் பாலும்தான் இறங்கின. வேலையிடத்தில் தோல் தூசிக்குப் போடும் முகமூடி எல்லாவற்றையும் மறைத்தது.

அவள் சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்த்து அவன் தாயிடம் பெருமைப்பட்டான்: "பாத்தியாம்மா, அடிமேல அடிச்சா அம்மியும் நகரும்."

சனிக்கிழமை மேடையில் ஏறினாள்.

"எண்பத்தேழு," என்று அவன் குரல் மைக்கில் நிமிர்ந்து வந்தது. கைதட்டல் எழுந்தது. மேலாளர் பரிசாக ஒரு சாப்பாட்டு டப்பாவை நீட்டினார்.

"எப்படிம்மா குறைச்சீங்க? நாலு வார்த்தை சொல்லுங்க. மத்தவங்களுக்கும் உதவும்."

மெஷின் அவளுக்கே. வாயை மூடிக்கொண்டு இறங்கினால் போதும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் முகமூடியைக் கழற்றினாள். முன்வரிசையில் கைதட்டல் நின்றது, பிறகு பின்வரிசையிலும்.

கீழே இறங்கி, கைக்குட்டையை அவிழ்த்து, இரண்டு பற்களையும் மேடையின் நடுவில் வைத்தாள்.

"இதையும் படிங்க," என்றாள் கணவனிடம். பல் போன இடத்தில் சொற்கள் காற்றாகக் கசிந்தன. "இதுவும் என் உடம்புல குறைஞ்சதுதான்."

தோல் கட்டுகளுக்காகச் செய்த மேடை அது. முள் அசையவில்லை.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த ஆள்," என்றார். அடுத்து நின்ற பருத்த காவலாளி பற்களைப் பார்த்தார், ஏறவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவளும் ஏறவில்லை. பல் இழந்தவள் பரிசு டப்பாவை மேலாளரின் மேஜையில் வைத்துவிட்டு, முகமூடி இல்லாமலே போய்த் தன் மெஷின் முன் உட்கார்ந்தாள்.

படிக்க எண் எதுவும் இல்லாமல் அவள் கணவன் மைக்கைப் பிடித்தபடி நின்றான்.